துப்பாக்கியில் யார் பெயர்?

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது, இரவல் போனால் திரும்பி வரட்டும் என்றுதான். அமெரிக்காவில் துப்பாக்கியிலும் பெயர் வெட்டுகிறார்கள். காரணம்தான் வேறு!

அங்கே ஒருவர் தன் சொந்த ரைஃபிளின் குழலை 16 அங்குலத்துக்கும் குறைவாக்க ஆசைப்பட்டால், உடனே ரம்பத்தை எடுக்க முடியாது. 1934-ம் வருடச் சட்டப்படி முதலில் விண்ணப்பம், கைரேகை, அரசு அனுமதி. மாற்றியதும் சட்டத்தின் கண்ணில் அவர் வெறும் சொந்தக்காரர் இல்லை, ‘தயாரிப்பாளர்’. கம்பெனி முத்திரை ஏற்கனவே இருந்தாலும், அவருடைய பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் அதில் பொறிக்க வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். பழைய சீரியல் நம்பர் அப்படியே இருக்கலாம்.

இதற்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. பெயர் வெட்டுவது மட்டும் போகவில்லை.

நாளை அந்தத் துப்பாக்கி நாலு பேர் கைமாறிப் போனாலும், மாற்றியவர் யார் என்று அந்த எழுத்தே சொல்லும். பாத்திரத்தில் இருக்கும் பெயர் உரிமைக்கு. இது பொறுப்புக்கு.