இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

ஜூலை 28, 2025, திங்கள்

நேற்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் 6.16 பதிப்பு வெளிவந்தது. காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில், எண்ணூர் தாண்டியதிலிருந்து பொன்னேரி வரைக்கும் அதன் மாற்றங்களைப் படித்துக்கொண்டு வந்தேன். என்ன புதிதாகச் சேர்ந்தது என்பதற்கு முன்னால் எதை எடுத்தார்கள் என்று பார்ப்பேன். ஆலைகளில் பழைய கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். எனக்கு வேண்டிய செய்தி அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த முறை போனது டிசிசிபி. படம், ஒலி போல இடைவிடாமல் ஓடும் தரவுக்காக 2005-இல் கர்னலுக்குள் வந்த நெறிமுறை. உலகம் அதைக் கையில் எடுக்கவே இல்லை. 2017-இல் ஆந்திரேய் கொனவாலோவ் என்ற ஆய்வாளர் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கணினியில் சாதாரணக் கணக்கு மட்டும் உள்ள ஒருவர் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் பிடித்துவிடலாம். பத்து ஆண்டுக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் பயன்படுத்தாத ஒன்றில் ஓட்டை இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஏதாவது ஒரு நிரல் கேட்டால் போதும், கர்னல் அந்த மாட்யூலைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். 2021-இலிருந்து அதற்குப் பராமரிப்பாளர் இல்லை. தானியங்கிச் சோதனைக் கருவிகள் மட்டும் அதில் பிழை பிடித்துக்கொண்டிருந்தன. போதாததற்கு, உலகமே நம்பியிருக்கும் டிசிபி நெறிமுறையின் நிரலை ஒழுங்குபடுத்தவும் அது தடையாக நின்றது.

எடுத்தது சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரீ-ரோலிங் மில்லில் ஷட்டவுன். பில்லட் எனும் இரும்புக் கட்டையைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே பென்டியம் 3 கணினி. அதன் பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லாட்டில் அட்வான்டெக் பிசிஎல்-812 அட்டை. ஃபர்னஸின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கும் தெர்மோகப்பிள்களின் அளவு டிரான்ஸ்மிட்டர் வழியாக இந்த அட்டைக்கு வருகிறது. பில்லட் 1,150, 1,200 டிகிரி என்று ஏறி ரோல் ஸ்டாண்டுக்குள் நுழையும் வரை என்ன நடந்தது என்பதற்கு இந்தப் பெட்டி எழுதிவைப்பது ஒன்றுதான் சாட்சி. அட்டை 12 பிட். அதாவது 4,096 படிகளில் அளக்கும். இந்த வேலைக்கு அது தாராளம். இரும்புச் செதில் தூசியை ஊதித் தள்ளிவிட்டு மூடினேன்.

ஃபோர்மேன் அண்ணன் டீயோடு வந்து நின்றார். “இது போச்சுன்னா இன்னா பண்றது தம்பி?”

“அட்டை போனா பரவாயில்லண்ணே, ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடுனா ஐஎஸ்ஏ போர்டு, அட்டை எல்லாம் இன்னும் கெடைக்குது. உள்ள இருக்கிற டிரைவரை எடுத்துட்டாங்கன்னா அதைக் கடையில வாங்க முடியாது.”

“அதை யாரு எடுக்கிறாங்க?”

அந்தக் கேள்விக்கு மில்லிலேயே பதில் சொன்னேன், அவருக்குப் புரிகிற மாதிரி. கம்பியின் அளவை மாற்ற ரோலில் பாஸை மாற்றினால், முன்னும் பின்னும் இருக்கும் கைடு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் கம்பி சுருண்டு வெளியே பாயும். கர்னலும் அப்படித்தான். உள்ளே ஒரு பொதுவான பகுதியைத் திருத்தினால், அதைத் தொட்டு நிற்கும், அட்டைகளை இயக்கும் டிரைவர் அத்தனையையும் திருத்த வேண்டும். திருத்துகிறவர் கையில் அந்த அட்டை இருக்காது. கம்பைல் ஆனது என்பதோடு அடுத்ததற்குப் போய்விடுவார். இப்படி ஆண்டுக்கணக்கில் யாரும் ஓட்டிப் பார்க்காமலே திருத்தப்பட்ட டிரைவர் உண்மையில் வேலை செய்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு கட்டத்தில், இதை இனிச் சுமக்க வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். மறுப்பு வராவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

பிசிஎல்-812-இன் டிரைவர் தப்பியதற்கு இரண்டு பேர் காரணம். அது கொமெடி என்ற தொகுப்பில் இருக்கிறது. அளவீட்டு அட்டைகளுக்கான டிரைவர்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. 2009-இல் 2.6.29 பதிப்போடு ஸ்டேஜிங் என்ற பகுதிக்குள் வந்தது. ஸ்டேஜிங் என்பது தரம் போதாத நிரலை வைத்துச் சரிசெய்யும் இடம். வெளியேறப்போகும் டிரைவர்களையும் பல சமயம் அங்கே தள்ளி, சில பதிப்புகள் பொறுத்திருந்து நீக்குவார்கள். கொமெடி அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது. இயன் அபட், ஹார்ட்லி ஸ்வீட்டன் இருவரும் ஒவ்வொரு அட்டையின் டிரைவரையும் வரி வரியாகத் துப்புரவு செய்தார்கள். 2021-இல் 5.13 பதிப்பில் அது ஸ்டேஜிங்கைவிட்டு வெளியே வந்து முறையான இடத்தில் அமர்ந்தது. பிசிஎல்-711, 812, 818 மூன்றும் இன்றைக்கும் உள்ளே இருக்கின்றன. அவர்கள் கும்மிடிப்பூண்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. இந்த ஃபர்னஸின் வெப்பக் கணக்கு அவர்கள் உழைப்பின் மேல் நிற்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லினக்ஸைத் தொகுத்துத் தரும் டெபியனின் 13-ஆம் பதிப்பு நேற்று வந்துவிட்டது. பழைய 32 பிட் பிசிக்கு இனி அதில் கர்னலும் இல்லை, நிறுவும் வட்டும் இல்லை. மில் பெட்டி டெபியன் 12-இலேயே, 6.1 கர்னலோடு நிற்கும். கர்னலில் டிரைவர் இருக்கிறது. கர்னலைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு “லினக்ஸ் நம்மளைக் கைவிட்டுடுச்சு” என்று ஆலைகளில் பேசுவார்கள். டெபியன் கட்டித் தராவிட்டால் நாம் கட்டிக்கொள்ளலாம். கர்னலிலிருந்தே போய்விட்டால்தான் கதை வேறு.

ஆகஸ்ட் 16, சனி

காக்களூர் சிட்கோ எஸ்டேட். எடை மேடையில் வேலை. இண்டிகேட்டரிலிருந்து வரும் ஆர்எஸ்-232 கேபிளின் முனை துருப்பிடித்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கார்பன் காப்பியோடு சீட்டை அடித்துத் தள்ளியது.

சீரியல் போர்ட் ஐஎஸ்ஏ அட்டையைவிட வயதில் மூத்தது. ஆனாலும் அதன் டிரைவரை எடுப்பதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. 8250 என்ற பழைய சிப்பின் பெயரையே இன்னும் தாங்கி நிற்கும் அந்த டிரைவர், புத்தம்புதிய போர்டுகளிலும் முதல் வரியை அச்சிடுகிறது. கர்னலை எழுதுகிறவர்களின் மேசையிலேயே அது நாள்தோறும் ஓடுகிறது. கெட்டுப்போனால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். வயதைப் பார்த்து யாரும் எதையும் எடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகஸ்ட் 30, சனி

ஆம்ஸ்டர்டாமில் இந்த வாரம் நடந்த மாநாட்டில் ஆர்ந்த் பெர்க்மன் 32 பிட் லினக்ஸின் வருங்காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர் சொன்னால் கவனித்துக் கேட்க வேண்டும். 2018-இல் 4.17 பதிப்பில் பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உட்பட எட்டு வகைப் புராசஸர்களுக்கான நிரலை ஒரே மூச்சில் எடுத்தவர் அவர். ஏறத்தாழ ஐந்து லட்சம் வரிகள். ஏஆர்எம்வி7 வகைச் சிறு போர்டுகள் இன்னும் புதிதாக விற்பனையாகின்றன, அவற்றை நெடுங்காலம் சுமக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு. பழைய 486 புராசஸரின் கதை வேறு. ஏப்ரலில் இங்கோ மோல்னார் அதை எடுக்க ஒரு வரைவை வைத்தார்; ஏறத்தாழ 14,000 வரிகள் போகும். 486-இல் இல்லாத கட்டளைகளுக்கு மாற்றாக எழுதிவைத்த நிரல், கணக்கிடும் சிப் இல்லாத கணினிக்காக மென்பொருளிலேயே தசமக் கணக்குப் போடும் பகுதி, எல்லாம் அதில் அடக்கம். இன்று மிக மிகச் சிலரே ஓட்டும் கணினிக்காக, நன்றாக ஓடும் கணினிகளில் வரும் சிக்கலைத் தேடி ஆட்கள் நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்பது அவர் வாதம்.

386 போனது 2013-இல், 3.8 பதிப்பில். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386-இல்தான். தான் பிறந்த கணினியையே லினக்ஸ் அன்று விட்டுவிட்டது. அந்தப் புராசஸரில், எழுதக்கூடாது என்று பூட்டிவைத்த நினைவகப் பக்கத்தில்கூட கர்னல் தடையில்லாமல் எழுதிவிடும். ஒப்பிட்டு மாற்றும் ஒற்றைக் கட்டளையும் கிடையாது. இவற்றுக்காக ஒவ்வொரு முறையும் சுற்றுவழி எழுத வேண்டியிருந்தது. சொந்தப் பிறப்பிடத்துக்கே சலுகை காட்டாத அந்த ஒழுங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மில் பெட்டி பென்டியம் 3. இவை எதுவும் அதைத் தொடாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒரு வாரமாக மனத்தில் ஓடும் கேள்வி: மில் பெட்டி ஓடுகிறது என்பது கர்னலை எழுதுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. பிசிஐ அட்டை என்றால் தன் எண்ணைத் தானே சொல்லும். வன்பொருளைக் கணக்கெடுக்கும் கருவி எதுவும் அதைப் பிடித்துவிடும். ஐஎஸ்ஏ அட்டை வாய் திறக்காது. அட்டையில் சுவிட்சால் வைத்த முகவரியை நாம்தான் கர்னலுக்குச் சொல்ல வேண்டும். எந்தக் கணக்கெடுப்பிலும் அது வராது. பெட்டி இணையத்தில் இல்லை. பாதுகாப்புக்காகவே அதற்கு வெளியில் வைத்திருக்கிறோம். பொருத்திக் கொடுத்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. ஆலையில் இருப்பவர்கள் கர்னல்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை. ஆக, சிப்காட்டில் நாள்தோறும் மூன்று ஷிப்டிலும் ஓடும் இயந்திரம் அவர்கள் கணக்கில் இல்லாத இயந்திரம்.

ஒரு காலத்தில் கர்னலின் ஆவணங்களுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருந்தது: எதை எடுக்கப்போகிறோம், எப்போது, ஏன், யார். 2012-இல் லினஸ் அதை நீக்கினார். நடைமுறையில் அதனால் பயனில்லை என்று. இப்போது அறிவிப்பு என்பது ஒரு கடிதம், அதற்கு வரும் பதில்கள், அவ்வளவுதான். பதில் வந்தால் நிலைமை மாறும் என்பதையும் பார்த்திருக்கிறோம். ஃப்ளாப்பி டிரைவரின் பராமரிப்பாளர் யிரி கோசினாவிடம் 2019-இல் ஓடும் ஃப்ளாப்பியே கையில் இல்லை. டிரைவரை ஆதரவற்றது என்று குறித்தார்கள். பிறகு டெனிஸ் எஃப்ரெமோவ் பொறுப்பெடுத்தார், டிரைவர் இருக்கிறது. எச்8/300 என்ற ஜப்பானியச் சிப்பின் கதை இன்னும் தெளிவு. 3.13 பதிப்பில் எடுத்தார்கள். யோஷினோரி சாட்டோ திருத்தி எழுதி வந்ததும் 2015-இல் 4.2 பதிப்பில் மறுபடி சேர்த்தார்கள். கவனிப்பு நின்றதும் 2022-இல் 5.19 பதிப்பில் மறுபடி எடுத்தார்கள். இரண்டு முறையும் சிப் அதே சிப்தான்.

எங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று ஆலைப் பக்கத்திலிருந்து கோபப்படுவதை நான் ஏற்கமாட்டேன். கேட்கிறார்கள், திறந்த வெளியில், எழுத்தில் கேட்கிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியபோது கும்மிடிப்பூண்டியிலிருந்து யாரும் பதில் எழுதி அதை மாற்றியிருக்க முடியாது. இங்கே முடியும். கும்மிடிப்பூண்டி, காக்களூர், அம்பத்தூர் என்று இத்தனை ஆலைகளில் இத்தனை பழைய அட்டைகளை ஓட்டிக்கொண்டு, நம்மிடமிருந்து ஒரு வரி போவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள பென்டியம் 3 போர்டும் ஒரு பிசிஎல்-812 அட்டையும் ஒரே கடையில் கிடைத்தன. கெபாசிட்டர் உப்பாத போர்டாகப் பார்த்து எடுத்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையில் மில்லில் பூஜை. ரோல் ஸ்டாண்டு, லேத், தகரப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி கடலை வாங்கிக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டேன்.

வீட்டில் ரிச்சி ஸ்ட்ரீட் போர்டில், நானே 32 பிட்டுக்குக் கட்டிய 6.16 கர்னல் ஏறியது. அட்டையின் முகவரியைக் கொடுத்ததும் டிரைவர் ஏற்றுக்கொண்டது. கேலிபிரேட்டரிலிருந்து வோல்டேஜ் கொடுத்து, சேனல் சேனலாக அளவைச் சரிபார்த்தேன். எல்லாம் ஓரிரு படி வித்தியாசத்துக்குள். கொமெடி பராமரிப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன்: எந்த அட்டை, எந்த போர்டு, எந்தப் பதிப்பு, எந்தச் சேனலில் எவ்வளவு, கர்னலின் தொடக்கப் பதிவு. ஆலையில் இதே அட்டை ஃபர்னஸ் வெப்பத்தை எழுதிக்கொண்டிருக்கிறது என்பதையும், இந்த அட்டையில் எதைச் சோதிக்க வேண்டுமானாலும் செய்து தருகிறேன் என்பதையும் சேர்த்தேன்.

பெட்டி என்றென்றும் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மில் முதலாளியிடமும் அதைச் சொல்லிவிட்டேன். மாற்று, சீரியல் வழியாக மோட்பஸ் பேசும் தெர்மோகப்பிள் மாட்யூல். அதற்குத் தனி கர்னல் டிரைவரே தேவையில்லை. கூடவே 64 பிட் தொழிற்சாலைக் கணினி. ஆலைகளையும் மின்நிலையங்களையும் மனத்தில் வைத்து, ஒரு கர்னலைக் குறைந்தது பத்து ஆண்டு பராமரிக்கும் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது; சீமன்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையில் உள்ள 6.12-ஐப் போடலாம் என்று முடிவு. தீபாவளி ஷட்டவுனில் ஃபர்னஸின் சோக்கிங் பகுதியில் மட்டும் புதியதைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து ஓட்டுவோம். அளவுகள் ஒத்துப்போகும் வரை பழையதைக் கழற்றப்போவதில்லை. கழற்றும் நாளில் அந்த பிசிஎல்-812-ஐ எனக்குக் கொடுத்துவிடுங்கள், காயலான் கடைக்குப் போட வேண்டாம் என்று ஃபோர்மேன் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சோதனைக்குக் கையில் இரண்டு அட்டை இருந்தால் நல்லது.