ஒயர்லெஸ், ஹார்ட் டிஸ்க், அத்தை வீட்டுக் கருவாடு

வகுப்பில் ரெண்டு மூணு பேர் "வீட்ல வைஃபை சரியா வர மாட்டேங்குது, நீ எப்படிடா செட் பண்ண?" என்று கேட்டாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமா இங்கேயே எழுதிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரம். அப்பா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். தாத்தா கட்டுமரக் காலத்து ஆள். 2020-ல் ஊரடங்கு சமயம் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவருக்கும் போக இடம் கிடையாது. போனை முன்னால் வைத்துப் பேசச் சொன்னேன். வாடை அடித்தால் தண்ணி எப்படி இருக்கும், கொண்டலை எப்படிக் கண்டுபிடிப்பது, கச்சான் அடிக்கும்போது ஏன் கரையை நம்பக்கூடாது என்று பேசிக்கொண்டே போனார். மொத்தம் 14 பதிவுகள். அடுத்த வருஷம் தாத்தா போய்விட்டார்.

நான் உஷாரான பையன். பழைய போனில் இருந்ததை லேப்டாப்பில் ஒரு காப்பி போட்டேன், ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி போட்டேன். மூன்றையும் பத்திரமாக பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஆமாம், மூன்றையும் ஒரே தட்டில் :-)

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. தெருத் தண்ணி வீட்டுக்குள் ஏறியது. ஆயா, சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மாடி வீட்டுக்கு ஏற்றினோம். பீரோவின் கீழ்த்தட்டு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தண்ணி வடிந்த பிறகு திறந்தால், ஹார்ட் டிஸ்க்கைச் சாய்த்தபோது தண்ணி ஒழுகியது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். "ரொம்ப முக்கியமானதா தம்பி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலேயே பதில் தெரிந்துவிட்டது.

14-ல் ஒன்று மட்டும் பிழைத்தது. எப்போதோ ஆவடியில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். மூன்றே முக்கால் நிமிஷம். அதிலும் பாதி நேரம் தாத்தா இருமுகிறார். இப்போது அந்த இருமலைக்கூட வெட்ட மனசு வரவில்லை.

அதற்கப்புறம்தான் இந்த பேக்கப் விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். 3-2-1 என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கியது. மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில். இதை ஆயாவிடம் பெருமையாக விளக்கினேன். ஆயா சிரித்தார்.

"இது ஒரு சேதியாடா? சுனாமி வந்ததுலேர்ந்து போட்டு பேப்பரு, வீட்டு பேப்பரு எல்லாத்துக்கும் செராக்ஸு உங்க அத்தை வூட்லதான கீது."

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நான் பிறக்கவில்லை. அன்றைக்கு ஈரமான காகிதங்களை வெயிலில் காயவைத்து எடுத்த ஆயா, அடுத்த மாசமே செராக்ஸ் எடுத்து ஆவடிக்கு அனுப்பிவிட்டார். நான் எடுத்தது மூன்று காப்பி என்று நினைத்திருந்தேன். ஒரே தண்ணியில் நனைகிற காப்பி எத்தனை இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

சரி, இப்போது மேட்டருக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பித்தது. 61 நாள் அப்பா கரையில். அந்தச் சமயத்தில்தான் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். இணைப்பு கொடுக்க வந்தவர் ரௌட்டரை வாசல் கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பின்கட்டில் சிக்னல் சுத்தமாக இல்லை. நான் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேய், போட்டுல ஒயர்லெஸ் ஆன்டெனாவ கீழயா கட்றோம்? ஒசரத்துல வைடா."

நியாயம்தானே! லாஞ்சில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டை அவர்கள் ஒயர்லெஸ் என்றுதான் சொல்வார்கள். அதன் அலை நேர்க்கோட்டில் போகிறது. ஆன்டெனா உயர உயரத் தூரம் கூடும். வீட்டுக்குள் தூரம் பிரச்சினை இல்லை, குறுக்கே நிற்கிற சாமான்தான் பிரச்சினை. எங்கள் வீட்டில் ரௌட்டருக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்தவை: ஒரு இரும்பு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ், தண்ணி பிடித்து வைக்கும் நீல டிரம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டின் நடுவில், பீரோவின் தலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. "இன்னாடா இது, கொம்பு வச்சிகினு கீது?" என்று கேட்ட ஆயா, அதன் மேல் பூப்போட்ட துணி போர்த்தியதைத் தடுக்கத்தான் ஒரு வாரம் ஆனது. அதற்குக் காற்று வேண்டும், மூடாதீர்கள்.

மீதிப் பாதி செட்டிங்கில். பெரும்பாலான ரௌட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் அடித்தால் உள்ளே போகலாம். சரியான முகவரியும் முதல் பாஸ்வேர்டும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். செய்ய வேண்டியவை:

1. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு.

2. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. பழைய டபிள்யூஇபி-யைத் தொடவே வேண்டாம். பட்டனை அழுத்தினால் சேர்த்துக்கொள்ளும் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிடுங்கள்.

3. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் ரெண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். எங்கள் தெரு மாதிரி ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் இடத்தில் 2.4-ல் எல்லார் வைஃபையும் முட்டிக்கொள்ளும். 1, 6, 11 என்ற சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. அதில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

4. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாஸ்வேர்டு கேட்பார்கள். இல்லை என்று சொல்ல முடியாது, புயலன்று நாம் ஏறி நின்றது அவர்கள் மாடியில்தான். கெஸ்ட் நெட்வொர்க் திறந்து கொடுங்கள். நெட் போகும், உங்கள் ஹார்ட் டிஸ்க் பக்கம் வராது.

அடுத்தது டிஸ்க். என் ரௌட்டரில் யூஎஸ்பி துளை இருக்கிறது. அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வீட்டில் எல்லா போனிலிருந்தும் படங்களை அதில் போடலாம். வேகம் சுமார்தான், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

ஆனால் எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை மட்டும் நம்பக்கூடாது. 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை மாதிரி ஒன்று கம்ப்யூட்டரில் நுழைந்தால், நெட்வொர்க்கில் கைக்கு எட்டும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். போனும் கிளவுடும் ஒத்திசைவில் இருப்பதும் பேக்கப் ஆகாது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகப் போடுவதும் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது.

எங்கள் ஏரியாவுக்கு இன்னொரு எதிரி உப்புக் காற்று. அடாப்டர் முனை பச்சை பூத்துவிடும். மாசம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். கரண்ட் போய்ப் போய் வருவதால் ரௌட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகும்.

கடைசியாக, வேறு ஊர் காப்பி. அதற்கு ரெண்டாவது டிஸ்க் வாங்கினேன். ஆயா மாசாமாசம் அத்தைக்குக் கருவாடு கொடுத்தனுப்புவார். அதே பையில் தனிக் கவரில் டிஸ்க்கும் போகும், அடுத்த மாசம் திரும்பி வரும். கவரை மூன்று சுற்று சுற்றியும் டிஸ்க்கில் நெத்திலி வாசம் வருகிறது. டேட்டா நன்றாக இருக்கிறது, அது போதும்.

தடைக்காலம் முடிவதற்கு ரெண்டு நாள் முன்னால் அப்பாவை உட்கார வைத்து காற்றுகளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு இன்னாடா தெரியும், தாத்தாக்குத்தான் தெரியும்" என்று ஆரம்பித்து 40 நிமிஷம் பேசினார். அன்றைக்கு ராத்திரியே மூன்று காப்பி. தாத்தாவின் மூன்றே முக்கால் நிமிஷமும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். ரௌட்டரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம், முதலில் அவர்களைப் பேச வையுங்கள். பதிவை இன்றைக்கே வேறு ஊரில் இருக்கும் ஒருத்தருக்கு அனுப்பிவிடுங்கள்.