ஒரு தாள் இடைவெளி

வேட்டைத் துப்பாக்கியின் மரக்கட்டை, நம் கம்பம் பள்ளத்தாக்கின் மழையீரம் போன்றதில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஊதிய மரம் குழலை அழுத்தினால் குறி விலகும். ஆதலால் தோட்டா வெடிக்கும் இரும்புப் பகுதி அசையாதிருக்க, மரத்தில் எபாக்சிப் பசை வார்த்துப் படிய வைப்பர். குழலை மட்டும் மரம் தொடாதவாறு, ஒரு தாள் நுழையும் இடைவெளி விடுவர். அடி உறுதி, நுனிக்கு இடைவெளி. அப்போதே குறி நிலைக்கும்.

மேகமலைக்கு மான் வேட்டையாட உறவினர் அழைப்பதாக மாணவன் ஒருவன் என்னிடம் கூறினான். "ஹஜ்ரத், மான் ஹலால்தானே?" என்றான். இந்தத் துப்பாக்கியைத்தான் அவனுக்கு உவமையாகச் சொன்னேன்.

மான் ஹலால், அந்த அடிப்படை அசையாது. ஆயினும் ஹலாலுக்கும் நம் கைக்கும் இடையே எல்லை உண்டு. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரைவேட்டையை அல்லாஹ் தடுத்துள்ளான். உயிருள்ளதை அம்புக்கு இலக்காக்கி விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது. மேகமலையோ 2021 முதல் திருவில்லிபுத்தூருடன் இணைந்த புலிகள் காப்பகம். பிடிபட்டால் சிறை, அவனுடைய படிப்பும் தாயின் நிம்மதியும் குலையும்.

பெற்றோரே, "ஹலாலா?" என்று கேட்கக் கற்பித்தோம், "இங்கு, இப்போது, எனக்கு ஆகுமா?" என்று கேட்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.