பிடரியில் அடிக்கும் காற்று

கூரையை மடக்கிய காரில் போனால் காற்று முகத்தில் அடிக்கும் என்பது சினிமா பார்த்து வந்த நினைப்பு. முகத்துக்கு முன்னால்தான் கண்ணாடி இருக்கிறதே. அடிப்பது பிடரியில். ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ஏ8 நெடுஞ்சாலையில் வேகம் நூறைத் தாண்டியதும் அம்மாவின் முந்தானை தோளுக்கு மேலாகச் சுருண்டு முன்னால் வந்து அவர் முகத்தை மூடியது. "வண்டி முன்னாடி போகுது, காத்து ஏண்டி பின்னாடியிருந்து வருது?" என்றார்.

நியாயமான கேள்வி. முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால், நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குறைகிறது. அதை நிரப்ப, மேலே போன காற்றில் ஒரு பங்கு டிக்கி மூடியின் மேல் இறங்கித் திரும்பி, இருக்கைகளின் பின்புறமாக உள்ளே பாய்கிறது. ஓடும் ஆற்றில் பாறைக்குப் பின்னால் சருகு எதிர்த்திசையில் நகர்வது இதனால்தான். அம்மாவிடம் பாறையைச் சொன்னேன், உடனே பிடிபட்டது. "அப்ப பின்னாடி ஒரு தட்டி கட்டு" என்றார்.

தட்டி கட்டும் யோசனை இந்த ஊர்க்காரர்களுக்கு முன்பே வந்ததுதான். 1989-ல் ஜெனீவா கண்காட்சியில் மெர்சிடிஸ் தன் புதிய எஸ்எல் காரைக் காட்டியபோது, இருக்கைகளுக்குப் பின்னால் மாட்டும் ஒரு வலைச் சட்டமும் அதோடு வந்தது. கார் கவிழ்ந்தால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுந்து நிற்கும் பாதுகாப்பு வளையம்தான் அந்தக் காரைப் பற்றி அன்று எல்லோரும் பேசியது. தினமும் பயன்பட்டது என்னவோ அந்த வலைதான். 2004-ல் அதே நிறுவனம் எஸ்எல்கே காரில் கழுத்துக்கு வெங்காற்று ஊதும் துளைகளைத் தலைசாய்ப்பில் வைத்தது. குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

என்னுடையது அவ்வளவு பெரிய வண்டி இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5, 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை. இரண்டே இருக்கைகள், கையால் மடக்கும் துணிக் கூரை. பழையதாக வாங்கினேன், தடுப்பு எதுவும் இல்லை. அம்மா ஊர் திரும்புவதற்குள் ஆஸ்திரியாவில் குரோஸ்குளோக்னர் மலைப்பாதைக்குப் போய்வர வேண்டும் என்பது திட்டம். போக நானூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதிக்கும் மேல் நெடுஞ்சாலை. காற்றை முகத்தில் சுற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் அவரை அழைத்துப் போக முடியாது.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன: தெளிந்த அக்ரிலிக் தகடு, கறுப்பு வலை. தகடு பார்க்க அழகு. ஆனால் இரவில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு அதில் பட்டுத் தெறிக்கும், துடைக்கத் துடைக்கக் கீறலும் விழும். வலை காற்றை முழுக்க நிறுத்துவதில்லை, கொஞ்சம் உள்ளே விட்டு அதன் வேகத்தைக் கொன்றுவிடுகிறது. திறந்த காரில் அந்தக் கொஞ்சம் வேண்டும் என்பது என் கட்சி. காற்றே வேண்டாமென்றால் கூரையை மூடிக்கொண்டு போகலாமே. நிறம் கறுப்பாக இருப்பது முக்கியம். உள்கண்ணாடியில் பார்க்கும்போது கண் கறுப்பு வலையைத் தாண்டித் தொலைவைப் பார்த்துவிடும். வெளிர் நிற வலையில் வெயில் பட்டால் வலை மட்டும்தான் தெரியும்.

உயரத்தைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அட்டவணையில் போட்டிருப்பது யாரோ ஒருவரின் உயரத்துக்கு. அம்மாவின் தலை என் காதளவுக்குத்தான் வரும். எனவே வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டியை வெட்டி இருக்கைகளுக்குப் பின்னால் கட்டினேன். அம்மாவின் கம்பளி நூலைத் துண்டுகளாக்கி இருக்கைகளின் மேல்விளிம்பில் ஒட்டினேன். காற்றுச் சுரங்கத்தில் பொறியாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கிராமத்துச் சாலையில் எண்பதில் போனோம். அட்டை தோளளவு இருந்தபோது நூல்கள் முன்னோக்கியே நீட்டிக்கொண்டு நின்றன. என் காதளவுக்கு உயர்த்தியதும் துவண்டு, இருந்த இடத்திலேயே நடுங்கின. அதற்கு மேல் உயர்த்தியதில் பயன் கூடவில்லை, பின்பார்வைதான் மறைந்தது. நூலைப் பார்த்துச் சொல்லும் வேலை அம்மாவுடையது. "நடுவுல இன்னும் வருது" என்றும் அவர்தான் சொன்னார். இரண்டு இருக்கைகளுக்கும் இடையிலுள்ள சந்துதான் காற்றுக்கு ராஜபாட்டை. அகலம் குறைந்த, விலை மலிந்த தடுப்புகள் அங்கேதான் கோட்டை விடுகின்றன.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. துளை போடாமல், சீட் பெல்ட் வெளிவரும் இரு தூண்களிலும் வாரால் இறுக்கும் வகையாக வாங்கினேன். பெல்ட் வழுக்கி ஓடும் பாதையில் வார் குறுக்கிடக் கூடாது, பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். கூரையை மடக்கியும் விரித்தும் பார்த்தேன், சட்டத்தில் உரசவில்லை. அடிவிளிம்பில் பஞ்சுப் பட்டை ஒட்டியது என் சேர்க்கை. அந்த இடைவெளி வழியே வரும் காற்று நேராக இடுப்பில் அடிக்கும்.

நெடுஞ்சாலையில் வித்தியாசம் முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. நூற்றுப்பத்தில் கத்தாமல் பேச முடிந்தது. ஹீட்டரின் சூடு காலடியிலிருந்து பறந்துபோகாமல் மடிவரை நின்றது. முந்தானையை இடுப்பில் செருகியிருந்த அம்மா, முனிக் தாண்டியதும் அதை எடுத்துவிட்டுக்கொண்டார்.

மலையில் கதை வேறு. ஃபெர்லைட்டனில் சுங்கம் கட்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. பாதை மொத்தம் 48 கிலோமீட்டர், 36 கொண்டைஊசி வளைவுகள். ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் திட்டமிட்டு, 1935-ல் திறந்த பாதை. வளைவுக்கு வளைவு வேகம் நாற்பதுக்குக் கீழே விழுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், குறையும். நூற்றுப்பத்தில் அறைந்த காற்று இங்கே வெறும் தடவல். முதல் நிறுத்தத்திலேயே வலையைக் கழற்றி டிக்கியில் போட்டேன். மலைப்பாதைப் படங்களைக் காட்டியே இந்தத் தடுப்புகளை விற்கிறார்கள். உண்மையில் இது மலைக்குக் கொண்டுசேர்க்கும் நெடுஞ்சாலைக்கான பொருள்.

2,504 மீட்டரில் ஹோக்டோர். சாலையோரத்தில் அழுக்குப் பனி. அம்மா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். "வலைய மாட்டட்டுமாம்மா?" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு வேலிக்குள்ளயா உக்காரணும்? சும்மா இரு" என்றார். பாஸ்டர்ட்ஸே பனியாற்றுக்கு எதிரே நிறுத்தியபோது, குளோக்னர் சிகரத்தைவிட மர்மோட் குட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

திரும்பும்போது மிட்டர்சில் ஊர் வருவதற்கு முன்பே வலையை மாட்டியிருந்தேன். வண்டி ஓடும்வரை தூறல் தலைக்கு மேலேயே போய்விட்டது. சிக்னலில் நின்றதும் மழை நேராக மடியில் இறங்கியது. வலையைக் கழற்றவில்லை, கூரையைக் கையால் இழுத்து முன்கண்ணாடிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கொக்கிகளில் ஒன்றை நான் மாட்டுவதற்குள் மற்றதை அம்மா மாட்டியிருந்தார். விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது.