ஈரமும் ஓர் இரவும்

பெண்களின் கூந்தலுக்குத் தமிழிலே 'ஐம்பால்' என்றொரு பெயர் உண்டு. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என ஐவகையாக முடிக்கப்பெறுதலின் அப்பெயர் எய்திற்று என்பர். ஐந்தினுள் சுருளும் ஒன்றாதலை வாசகர்கள் நோக்குவார்களாக. மின்சாரம் என்பதே அறியப்படாத காலத்துச் சொல் அது!

எமது ஊர் பழுகாமம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது. திரௌபதை அம்மன் கோயில் கொண்டிருக்கும் இவ்வூரிலே, விரித்த கூந்தலும் ஒரு சபதமாகலாம் என்பதைக் குழந்தைகளும் அறிவர். ஆயினும் சென்ற ஆண்டு எமது இல்லத்தில் எழுந்த சபதம் வேறு வகையினது.

எமக்குப் பெண்மக்கள் இருவர். மூத்தவளின் கூந்தல் இயல்பாகவே சுருண்டது. இளையவளுடையதோ நூல் பிடித்தாற்போல் நேரானது. மூத்தவள் நேர்முடிக்கு ஏங்கினாள். இளையவள் சுருளுக்கு ஏங்கினாள். உறவினர் இல்லத் திருமணம் ஒன்று நெருங்கிற்று. பள்ளித் தோழியரின் கேலியால் மனம் புண்பட்டிருந்த மூத்தவள், மின்சார இடுக்கியால் முடியை நேராக்கினாலன்றித் திருமணத்துக்கு வரேன் என்று கூறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண்ணின் அழுகைக்கு முன் தந்தையின் கல்வி யாது செய்யும்?

எம்முடன் வாழும் மாமியார் கதவருகே சென்று, "நெருப்பு என்னத்துக்குப் புள்ள? ஈரமும் ஒரு ராவும் காணும்" என்றார்.

அவர் செய்த முறை மிக எளிது. மாலையில் இருவரையும் தலை முழுகச் செய்து, நீர் சொட்டாது சற்றே ஈரம் நிற்கும்வரை உலரவிட்டார். பழைய பருத்தி வேட்டியை இருவிரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்தார். இளையவளின் கூந்தலைப் பத்துக் கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கீற்றிலே சுற்றி முடிந்தார். மூத்தவளுக்குக் கீற்று வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையில் சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்து, இரண்டிரண்டு புரிகளாக முறுக்கி விட்டார். நனைந்த முடி வலிமை குன்றியதாதலால் எதனையும் இறுக்கவில்லை. காலையில் முற்றும் உலர்ந்தபின்பே அவிழ்த்து, சீப்பை விலக்கி, விரல்களாலேயே கோதினார்.

கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் எமக்கு இதன் காரணம் விளங்கிற்று. முடி கெரற்றின் என்னும் புரதத்தாலாயது. அதன் இழைகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்புகள் நீர் பட்டதும் தளரும். உலரும்போது, எவ்வடிவில் முடி வைக்கப்பட்டதோ அவ்வடிவிலேயே மீண்டும் இணையும். ஆதலின் அரைகுறை ஈரத்தில் அவிழ்ப்பின் சுருள் நில்லாது. 200 பாகை செல்சியசு அளவிலே சூடேறும் இடுக்கியோ புரதத்தையே சிதைக்கவல்லது. ஈர முடியில் அதனை வைப்பின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள் கொப்புளங்களை உண்டாக்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். எனவே ஒரு சாண் முடி கருகினால் அதனை மீளப்பெற ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைப்பதாக 2003ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வொன்றும் காட்டிற்று.

திருமண நாளன்று இருவரும் சுருள் கூந்தலோடு புறப்பட்டனர். வாவியின் ஈரக்காற்று சும்மா இருக்குமா? தளர்ந்த பிணைப்புகள் தம் பழைய நிலைக்கே திரும்பின. மாலைக்குள் இளையவளின் சுருள் முழுவதும் அவிழ்ந்துவிட்டது. மூத்தவளின் சுருளோ ஈரம் ஏற ஏறச் செழித்தது. "அக்காவுக்கு மட்டும் ஏன் போகவில்லை?" என்று இளையவள் சிணுங்கினாள். மூத்தவள் மறுமொழி கூறாது தன் கூந்தல் நுனியை விரலிற் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் இடுக்கியைப் பற்றிய பேச்சு எமது வீட்டில் எழவில்லை.

இஃது எம்மூர்ச் சிறுமியரின் கவலை மட்டுமன்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுடுசீப்பால் முடியை நேராக்கி வந்தனர். 1960களில் அவர்களிற் பலர் இயற்கை முடியையே பெருமையாகக் கொண்டனர். முடியின் இயல்பு காரணமாக எவரையும் தாழ்த்தலாகாதென 2019இல் கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றிற்று.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. வகுப்பறையிலும் வீட்டிலும் 'சுருட்டை' என்னும் சொல்லை ஏளனமாக உச்சரியாதிருத்தல் எவர்க்கும் இயலும். அலங்கரிக்க விரும்பும் பெண் அலங்கரித்துக்கொள்ளட்டும். அது அவள் உரிமை. அதற்கு ஒரு பழைய வேட்டியும் பொறுமையுள்ள பாட்டியும் இருந்தால் போதுமானது.