முதல் அறுப்பு

மரத்தூள் அடுப்பெரிக்க உதவும்; அது பலகையாகியிருக்க வேண்டிய மரம் என்பதை நாம் எண்ணுவதில்லை. மரமறுப்பு ஆய்வுகளைப் படிக்கையில் அது உறைக்கிறது. 24 மி.மீ. தடிமனுள்ள பலகைகளை 6 மி.மீ. வாள்தடத்தில் அறுத்தால், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு தூளாகிறது. தடம் 3 மி.மீ. எனில் ஒன்பதிலொரு பங்கே. எனினும் வாளை மெலிதாக்கிக்கொண்டே போக இயலாது. மெலிந்த வாள் அலையும். அலைந்த பலகையை இழைத்துச் சமன்செய்கையில் மிச்சப்பட்டது சீவலாய் உதிரும்.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910இல் தொடங்கப்பெற்ற வனப்பொருள் ஆய்வகத்தின் ஹிராம் ஹாலக்கும் டேவிட் லூயிஸும் 1971இல் வேறொரு வழி காட்டினர். சிறிய அடிமரத்தில் முதல் அறுப்பு விழும் இடமே எவ்வளவு பலகை தேறும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சற்றே பிசகினால் விளிம்புப் பலகை பறிபோகும். எனவே வாள் இறங்குமுன், கணிப்பொறி ஒவ்வோர் இடமாக அறுத்துப் பார்த்துச் சிறந்ததைச் சொல்லும்.

வகுப்பறையில் செய்யுளைப் பதம் பிரிக்கும் நமக்கு இக்கவலை புதிதன்று. பிரிக்குமிடம் தவறினால் பொருள் சிதையும். ஆனால் செய்யுளை மறுபடி சேர்த்துப் பிரிக்கலாம். பல்லாண்டு வளர்ந்த மரத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. அறுக்குமுன் கணக்கிடுவோரை வெறும் வணிகர் எனத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.