அம்மாச்சியின் பத்தியம்

அட்டை தலையை நீட்டும்வரை யாரும் அசையக் கூடாது என்று சின்னம்மா சொல்லியிருந்தாள். முற்றத்தில் நாங்கள் நாலைந்து பிள்ளைகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஈரச்சாக்கின்மேல் ஒரு நாய்க்குட்டி. அதன் மூக்குக்கு நேர் கீழே அகலக் கிண்ணத்தில் தண்ணீர். தலையைத் தூக்கக்கூடக் குட்டிக்குத் திராணி இல்லை. தும்மும்போதெல்லாம் சாக்கில் ரத்தப்பொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்குத் துவாரத்திலிருந்து கருப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. தண்ணீரைத் தேடி நீண்டது, ஆள் அசைவு கண்டதும் உள்ளே சுருங்கியது. மறுபடி நீண்டபோது சின்னம்மா உப்புத் தொட்ட துணியால் அதைப் பிடித்தாள். வெடுக்கென்று இழுக்கவில்லை, தானாகப் பிடி விடும்வரை இறுக்கியே வைத்திருந்தாள். வெளியே வந்தது என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

மலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. காலில் ஏறுகிற அட்டைக்கு மடியில் எப்போதும் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்திருப்பார்கள். மூக்கட்டை வேறு ரகம். ஓடைத் தண்ணீர் குடிக்கிற மாட்டுக்கும் நாய்க்கும் மூக்கில் ஏறிக்கொண்டு வாரக்கணக்கில் உள்ளேயே ரத்தம் குடித்துக்கிடக்கும். தண்ணீரைக் காட்டினால்தான் வெளியே வரும்.

எண்பதுகளின் கடைசி அது. தேனி இன்னும் மதுரை மாவட்டத்திலிருந்து பிரியவில்லை. கம்பத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேர் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதற்கு அப்போது கணக்கே கிடையாது. அப்படி நசுங்கி வந்த ஒரு மழைநாளில்தான் சின்னம்மா கொங்காணிச் சாக்குக்குள் இந்தக் குட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால், விறகு அடுக்கின் சந்தில் கிடந்ததாம். தாய் என்ன ஆனதென்று தெரியவில்லை. கூடப் பிறந்தவை அங்கேயே விறைத்துக் கிடந்தனவாம்.

அம்மாச்சி குட்டியைக் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வாலுக்கடியில் பார்த்தாள். விலா எலும்புகளைத் தடவினாள். "யேய், சோறுகீறு யாரும் போட்றாதீங்க. செத்துப்போகும்" என்றாள். எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. பட்டினி கிடந்து வந்த உயிருக்குச் சோறு போடக்கூடாதா? ஆளுக்கொரு கவளம் ஒளித்து வைத்திருந்தோம். அவள் எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள்.

அதற்கான காரணத்தை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்திலுள்ள உப்புகள் தாறுமாறாகும், பாஸ்பரஸ் மளமளவென்று இறங்கும், இதயமே நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்ட கைதிகள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு செத்து விழுந்ததைப் பார்த்துதான் வைத்தியர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். அம்மாச்சிக்கு அந்தப் போரில் தெரிந்ததெல்லாம் அரிசித் தட்டுப்பாடு மட்டும். ஆனால் தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றி அவள் தாத்தா வழியாகக் கேட்ட கதைகள் ஏராளம். கஞ்சித்தொட்டியைக் கண்டதும் அள்ளிக் குடித்தவர்கள் பிழைக்கவில்லை என்பது அவற்றில் ஒன்று.

ஆகவே பத்தியம். பிள்ளை பெற்றவளுக்கு என்னவோ அதுவேதான் நாய்க்கும் என்று தீர்ப்பாகிவிட்டது. பரண்மேலிருந்து சங்கு இறங்கியது. என் தம்பிக்குப் பால் புகட்டிய பித்தளைச் சங்கு. அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பிள்ளைக்குக் குடுத்த சங்குல நாய்க்கா?" என்றாள். "புளி போட்டு வெளக்குனா பித்தளைக்கு ஏதுடி சாதி" என்று அம்மாச்சி அதைக் கழுவப் போய்விட்டாள். ஆட்டுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு சங்கு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சங்கு. இரவிலும் எழுந்து கொடுத்தாள். பிறகு நொய்க்கஞ்சி, உப்பில்லாமல். அதன்பின் கேப்பைக்கூழ். காரம் கிடையாது, வெங்காயம் கிடையாது, புளி கிடையவே கிடையாது.

எங்களுக்கு விதித்த பத்தியம் அதைவிடக் கடுமை. தொடக் கூடாது. கொஞ்சக் கூடாது. கூட்டமாகப் போய் நிற்கக் கூடாது. குட்டி தானாகவே தவழ்ந்துபோய் ஆட்டுரலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒடுங்கிக்கொண்டது. அதை யாரும் வெளியே இழுக்கக் கூடாது. "புது எடத்துக்கு வந்த மருமக மாதிரி, அது மொதல்ல செவத்தைத்தான் பாக்கும். விடுங்க" என்றாள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். வேலையைப் பார்த்துக்கொண்டே ஏதாவது முணுமுணுப்பாள். குட்டிக்கு அந்தக் குரல் பழகிவிட்டது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பிராணியை விரும்புவது என்றாலே தூக்குவது, இறுக்குவது, பெயர் வைத்துக் கத்துவது. பெயரை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. டைகர் என்று வைத்தோம். எலும்பும் தோலுமாக, ஒரு தேங்காய் அளவே இருந்த ஜீவனுக்கு.

உண்ணி பிடுங்குகிற வேலை எனக்கு வந்தது. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்து மடிப்பில் எல்லாம் ஆமணக்கு விதையாட்டம் ஊதிக் கிடக்கும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கினால் தலை உள்ளேயே தங்கிப் புண் வைக்கும். பிடுங்கியதை மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடுவேன். ஜீப் டிரைவர் ஒருவர் சொறிக்கு வழி சொன்னார். வண்டியில் வடித்த பழைய ஆயிலை மேலெல்லாம் பூசினால் ரெண்டே நாளில் போய்விடுமாம். ஊரில் பலபேர் செய்வதுதான். இன்றும் செய்கிறார்கள்.

நல்லவேளையாக அதற்கு முன்பே மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். கால்நடை மருந்தகம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது மாட்டாஸ்பத்திரிதான். அங்கே மாடும் ஆடும் வரிசையில் நிற்க, கூடையில் நாய்க்குட்டியோடு போனவர்கள் நாங்கள் மட்டும். டாக்டர் குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரல் வைத்து அமுக்கிவிட்டு எடுத்தார். சிவப்புத் திரும்பவில்லை. ஈறு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. பிடரித்தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது கூடாரம்போல அப்படியே நின்றது. "தண்ணியும் இல்ல, ரத்தமும் இல்ல" என்றார். பூச்சி மருந்து கொடுத்தார். ஆயில் கதையைக் கேட்டதும், "நாய் நக்காம இருக்குமா? ஈரல் வெந்து போகும்" என்று அதட்டினார். புங்கெண்ணெயில் கந்தகப்பொடி குழைத்துத் தடவச் சொன்னார். கடைசியாக, கொஞ்சம் தேறியதும் வெறிநாய்த் தடுப்பூசி போட மறக்காதீர்கள் என்றார்.

அதை மறக்க எங்கள் தெருவில் யாராலும் முடியாது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பூச்சாண்டி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தலைமுறை தலைமுறையாக அதைத் தயாரித்து வந்தது. 2004 வாக்கில்தான் நாட்டில் அந்த மருந்து ஒழிந்து, கையில் போடும் நல்ல ஊசி அதன் இடத்தை முழுதாகப் பிடித்தது.

பூச்சி மருந்து வேலை செய்த மறுநாள் நடந்ததை எழுதாமல் விடுகிறேன். அதற்குப் பிறகு பசி எடுத்தது. அம்மாச்சி கறிக்கடையில் சொல்லிவைத்து சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிவரச் செய்தாள். ரத்தம் ஊற அதைவிடச் சிறந்தது இல்லை என்பது அவள் கட்சி. தணலில் வாட்டி, பொடிப்பொடியாக அரிந்து, கஞ்சியில் கலந்து வைப்பாள். குட்டியின் ஈறை நாங்கள் தினமும் அமுக்கிப் பார்த்தோம். வெள்ளையாக இருந்தது ரோஜா நிறத்துக்கு வந்தபோது தெருவையே கூப்பிட்டுக் காட்டினோம்.

அப்போது பன்னீர்த் திராட்சை அறுவடை நேரம். எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவுமே எங்காவது அறுவடைதான். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சுருளிப்பட்டித் தோட்டங்களில் பெட்டி போடும்போது சிந்துகிற உதிரிப்பழத்தைத் துண்டில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மயில்துத்தம் அடித்த நீலத் திட்டு ஒட்டியிருக்கும், கழுவித் தின்போம். டைகர் எங்கள் காலடியில் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு பழம் போடவும் அம்மாச்சி விடமாட்டாள். "குளுமை. கழிஞ்சு செத்துரும்."

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவ உலகம் கவனித்தது 2000ஐ ஒட்டித்தான். ஏன் என்று இருபது வருஷம் பிடிபடவில்லை. 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் வைத்தார்கள். அந்த அமிலம் எக்கச்சக்கமாக இருக்கிற இன்னொரு பண்டம் புளி. அம்மாச்சி சொன்ன காரணம் தப்பு. குளுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் திராட்சை, புளி இரண்டையுமே அந்த நோஞ்சான் வயிற்றின் பக்கம் அண்டவிடாமல் காத்தது அவளுடைய மனுசப் பத்தியம். புளிக்குழம்புச் சோற்றை நாய்க்கு வழித்துப் போடுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

முடி முளைத்தபோது செம்பட்டையாக வந்தது. மூஞ்சி மட்டும் கருப்பு. உடனே தெருவில் சர்ச்சை. கோம்பை நாய் என்றார் ஒருவர். கோம்பை எங்களுக்கு எட்டும் தூரம்தான், உத்தமபாளையம் தாண்டி மலையடிவாரத்தில். கோம்பைக்கு இவ்வளவு குட்டைக்கால் ஏது என்றார் இன்னொருவர். 2005இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நாலு ஸ்டாம்ப் வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்கு இல்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு. டைகர் எந்தச் சாதியோ, வளர்ந்தும் முழங்காலுக்குக் கீழேதான் நின்றது.

குட்டி பிழைத்த சேதி மலைக்கும் போய்விட்டது. தோட்டத்துக் கங்காணி சாமான் வாங்கக் கம்பத்துக்கு இறங்கியவர் நேரே வீட்டுக்கு வந்தார். ஸ்டோருக்குக் காவல் நாய் வேண்டுமாம். "எங்க தோட்டத்து நாய்தான ஆத்தா" என்றார். சின்னம்மாவுக்கு அவரிடம்தான் வேலை. வாயைத் திறக்க முடியாமல் நின்றாள். அம்மாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கொண்டு போங்க. கணக்கை முடிச்சிருவோம்" என்று விரல் மடக்கத் தொடங்கினாள். ஆட்டுப்பால் காலையும் மாலையும். நொய். சுவரொட்டி. புங்கெண்ணெய். மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்கு விட்ட கூலி. ராத்திரி முழித்ததற்குத் தனி. "அப்புறம் பித்தளைச் சங்கு ஒண்ணு, புதுசு வாங்கணும்ல, நாயி குடிச்சதுல பேரப்பிள்ளை குடிக்குமா?" கங்காணி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். உள்ளேயிருந்து வந்த அம்மா, இத்தனை நாளாக அந்தச் சங்குக்காக முகம் கொடுக்காமலிருந்தவள், "மயில்துத்தம்பட்ட புண்ணுக்கு மருந்து வாங்கினதை விட்டுட்டீங்களே" என்று எடுத்துக்கொடுத்தாள். அப்படி ஒரு புண்ணே டைகருக்கு வந்ததில்லை.